வெள்ளிக்கிழமை தூங்குவதாகச் சொன்னாயே, ஆச்சி

என் ஆச்சிக்கு, ஒரே அறையில் எனக்கு எதிர்க்கட்டிலில் படுத்திருந்தவளுக்கு,

இதை உனக்குத் தெரியாத மொழியில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த தமிழ் ‘வா’, ‘சாப்பிடு’, ‘போதும்’ அவ்வளவுதானே. நீ படிக்கப்போவதில்லை என்று ஆன பிறகு எந்த மொழியில் எழுதினால் என்ன? எங்கள் ஊர்ப் பெண்கள் படிக்கட்டும். அவர்கள் முன்னால் உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது.

ஆமாம், சண்டைதான். நீ போய் ஒரு கோடைகாலம் முடிந்துவிட்டது. அழுகை வடிந்துவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் நீ யாரென்று இவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் அச்சியெங். கென்யாவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவள். உச்சி வெயிலில் பிறக்கும் பெண்பிள்ளைக்கு உங்கள் ஆட்கள் வைக்கிற பெயராம் அது. ஷார்ஜாவில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வார்டில் நீ உதவியாளர். தொழில்பேட்டையைத் தாண்டி மருத்துவமனை கொடுத்திருந்த கட்டடத்தில் நம் இருவருக்கும் ஒரே ரூம். உன் பெயரை வாய்க்குள் உருட்ட முடியாமல் ‘ஆச்சி’ என்று கூப்பிட்டேன். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் தலையணையை எடுத்து என்மேல் எறிந்தாய். “எனக்கு இன்னும் ஒரு பல்கூட விழல” என்றாய். நீ பேசிய இங்கிலீஷை எல்லாம் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன், ஆச்சி. எப்படி மாறியது என்று தெரியவில்லை.

அப்போது நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். டியூட்டி முடிந்து வந்தால் உட்கார மாட்டேன். துணி துவைப்பேன், குழம்பு வைப்பேன், பொது அடுப்படியில் யார் யாரோ போட்டுவிட்டுப் போன பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவுவேன். ஒருநாள் பகலில் அசந்து தூங்கிவிட்டேன். ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். “என்னக்கா, தூங்கிட்டா இருந்த?” என்றான். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி, “இல்லடே, சும்மா சாஞ்சிருந்தேன்” என்றேன்.

நீ கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். என்ன பேசினாய் என்று கேட்டாய். சொன்னேன்.

“நீ தூங்கினியா இல்லையா?”

“தூங்கினேன்.”

“அப்புறம் எதுக்குப் பொய் சொன்ன? யாரையாவது கொன்னுட்டு வந்தியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை. எழுந்து உட்கார்ந்து நீ சொன்னது அப்படியே இருக்கிறது மனதில். “எங்க ஊர்ல பொம்பளைங்களைப் புகழ ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு. அவளுக்குக் களைப்பே வராதும்பாங்க. எங்க அம்மா அந்தப் புகழை வாங்கி வாங்கியே படுக்கையில விழுந்தா. உலகம் பூரா கறுப்புப் பொம்பளைங்களுக்கு இந்த ஒரு பட்டத்தைத்தான் குடுத்து வச்சிருக்காங்க. எனக்கு அது வேண்டாம் ஜெசி. எனக்குக் களைப்பு வரும். வந்தா படுப்பேன்.”

சொன்னபடி படுத்தாய். டியூட்டி விட்டு வந்ததும் தரையில் துணியை விரித்து, காலைச் சுவரில் தூக்கி வைத்து, தலையில் கட்டிய துணியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கிடப்பாய். யார் வந்து கதவைத் தட்டினாலும் “மாஃபி!” என்று உள்ளிருந்தே கத்துவாய். இல்லை என்பதற்கு இந்த ஊர் அரபி. அந்த ஒரு சொல்லை நீ சொல்கிற அழகுக்காகவே நான் வெளியே போய்த் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறேன்.

பிறகு என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாய். லீவு நாளில் வெயில் தாழ்ந்ததும் உங்கள் ஊர்ப் பெண்கள், உகாண்டாக்காரிகள், எத்தியோப்பியாவில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் அங்கே பாய் விரித்திருப்பீர்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி தலை வைத்திருப்பாள். பிரித்து, எண்ணெய் தேய்த்து, வகிடு வகிடாகப் பின்னி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அங்கே ஒரே சட்டம்தான். வேலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று பேசக் கூடாது. முதல் நாள் நான் யாருடைய மடியிலோ தூங்கிப்போனேன். எழுந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் முடியை இழுத்து இழுத்துப் பின்னியிருந்தாய். வலி ஒரு வாரம் இருந்தது. அவ்வளவு நல்ல தூக்கம் கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் தூங்கியதில்லை.

அதெல்லாம் நீ கொடுத்தது. இல்லை என்று சொல்லவில்லை.

வார்டில் உனக்கு நடந்ததையும் இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கனமான நோயாளி வந்தால் எங்கள் இன்-சார்ஜ் சிஸ்டர் பட்டியலைக்கூடப் பார்க்க மாட்டார். “அச்சியெங்கிடம் கொடு, அவள் ஸ்ட்ராங்” என்பார். தூக்க, திருப்ப, குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் நீதான். முதுகு பிடித்திருக்கிறது என்று நீ சொன்னால் பனடால் மாத்திரை கொடுப்பார்கள். பிலிப்பைன்ஸ்காரி சொன்னால் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒருநாள் உன்னைத் தேற்ற நினைத்து, “நானும் கறுப்புதான் ஆச்சி, ஊர்ல என்னைக் கருவாச்சின்னுதான் கூப்பிடுவாங்க” என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். “உன்னைக் கறுப்புன்னு கேலி பண்ணினாங்க. என்னைக் கறுப்புன்னு சுமக்க வைக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல ஜெசி” என்றாய். அதற்குப் பிறகு நான் அப்படிப் பேசியதில்லை.

உன் அம்மா இறந்த செய்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். ஊருக்குப் போக லீவு கேட்டாய், ஆள் இல்லை என்றார்கள். இரண்டு நாள் டியூட்டி விட்டு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். மூன்றாம் நாள் எழுந்து குளித்து, “அழுது முடிச்சுட்டேன்” என்றாய். நான் நம்பினேன்.

பிறகு உனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நானே பிரஷர் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன், கருவி கெட்டுவிட்டதோ என்று. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஓய்வு வேண்டும் என்றார். வாரத்தில் உனக்குக் கிடைத்த ஒரு நாளையும் பாதி நேரம் டியூட்டி போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இன்-சார்ஜிடம் போய்ச் சண்டை போட்டேன். “அவளுக்கு வெள்ளிக்கிழமை முழு ஆஃப் வேணும்னா அன்னைக்கு யார் வருவா?” என்றார். நான் வருகிறேன் என்றேன்.

இந்த ஊரில் லீவு நாளான வெள்ளிக்கிழமைதான் எனக்குச் சர்ச்சில் பூசை. வாரம் முழுவதும் அந்த ஒரு காலையை நினைத்துக்கொண்டுதான் ஓடுவேன். அதைக் கொடுத்தேன். நீ வேண்டாம் என்றாய், நான் விடவில்லை. “போய் ஜன்னலை மூடிட்டுத் தூங்கு ஆச்சி, அதுதான் எனக்குப் பூசை” என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது நீ கட்டிலில் இருப்பாய், கண் வீங்கி. “எப்படித் தூங்கின?” என்று கேட்பேன். “பொணம் மாதிரி” என்பாய்.

ரோஸ்லின் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கடற்கரைக்காரி. புருஷன் இங்கே ஒரு கம்பெனி ஆபீஸில் இருக்கிறார். வாரநாளில் ஒருநாள் சாயங்காலம் அவர்கள் ஃபிளாட்டில் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து செபமாலை சொல்வோம். உன்னையும் ஒருமுறை கூட்டிப்போனேன். உள்ளறையில் அக்காவின் மாமியார், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர். பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லையென்று இங்கே கொண்டுவந்திருந்தார்கள். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் செபத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டியைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நர்ஸ் கண் சும்மா இருக்குமா? முதுகைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது. தலை எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது. “எக்கா, எங்க வார்டுலகூட இப்படிப் பாக்க மாட்டாங்க. நீங்க பெரிய ஆள்தான்” என்றேன். ரோஸ்லின் அக்கா சிரித்துக்கொண்டே, “நம்மளால முடிஞ்சது ஜெசி” என்றார்.

நம்மளால முடிஞ்சது!

அந்த வெள்ளிக்கிழமை நான் உன் வார்டில், உன் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரோஸ்லின் அக்கா.

“ஏட்டி ஜெசி, கொஞ்சம் கீழ எமர்ஜென்சிக்கு வாட்டி. ஆச்சிய ஆம்புலன்ஸ்ல கொண்டாந்திருக்கோம்.”

“எந்த ஆச்சி?”

“உன் ரூம் ஆச்சிதான்.”

“அவ ரூம்ல தூங்கிட்டிருக்கா அக்கா.”

“இல்ல ஜெசி. எங்க வீட்டுல... எங்க வீட்டுல இருந்தா.”

கையில் கரண்டியோடு ஓடினேன். நான் போகும்போது உன் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். எனக்கு அது காதில் ஏறவில்லை. உங்கள் வீட்டில் ஏன் இருந்தாள், உங்கள் வீட்டில் ஏன் இருந்தாள் என்று அக்காவையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். “நான் கூப்பிடல ஜெசி, சத்தியமா. ஒருநாள் அவளே வந்து நின்னா. அம்மாவ நான் குளிப்பாட்டுதேன்னா. அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் வருவா. நானும் கையில எதாவது குடுப்பேன், பாதி நாள் வாங்க மாட்டா. ஜெசிட்ட சொல்லாதீங்க, அவ கோவப்படுவான்னு கையப் பிடிச்சுக் கேட்டா. நான் என்ன செய்ய? இன்னைக்கு அம்மாவத் தூக்கிக் குளிப்பாட்டிட்டு, தலை ரொம்ப வலிக்குன்னா. டீ போடப் போனேன். வந்து பாக்கேன், கட்டிலுக்குக் கீழ தரையில சாஞ்சிருக்கா. சரி, அலுப்புல தூங்குதா, எழுப்ப வேண்டாம்னு ஏசியக் கூட்டி வச்சிட்டு வந்துட்டேன்.”

நல்ல எண்ணத்தில்தான் விட்டிருக்கிறார்கள். உன்னை ஒருவர் தூங்கவிட்ட நேரத்தில் நீ தூங்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன் நான்?

அடுத்து அவர் என்ன சொன்னார் தெரியுமா? “யாரும் கேட்டா, செபத்துக்கு வந்த இடத்துலன்னு சொல்லிருட்டி. ஆஸ்பத்திரி விசாவுல இருக்கவ எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்தான்னு தெரிஞ்சா எங்க அவங்களுக்குப் பிரச்சினையாயிரும்.” என்னிடம் யாரும் கேட்கவில்லை. இன்-சார்ஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், “டியூட்டில இல்லையே? ஆஃப்லதானே இருந்தா?” ஆமாம் என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். நான் சண்டை போட்டு வாங்கிய ஆஃப், ஆச்சி. உனக்கு உதவவில்லை. அவர்களுக்கு உதவியது.

உன் மாடித் தோழிகள் வந்தார்கள். உன்னைப் பெட்டியில் வைத்து அனுப்புவதற்கு முன்னால் பாடினார்கள். நான் பாடவில்லை. அவர்களும் உன்னை நம்பியவர்கள்தானே. உன் சட்டத்தை நம்பி எத்தனை பேர் அந்தப் பாயில் படுத்தோம்! நீ மட்டும் எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாய்.

மாடியில் இருந்தவர்களில் யாராவது ஒருத்தி உன்னைப்போல வேறு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாய். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையா? இத்தனை பேரின் குற்ற உணர்ச்சியைப் பிடுங்கிப் போட்டாயே, உன்னுடையதை எந்தத் துணிக்கடியில் ஒளித்து வைத்திருந்தாய்? யாராவது ஒரு மோசமான முதலாளி உன்னை வதைத்துச் சாகடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாகும் நேரத்தில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள்மேல் எப்படிக் கோபப்படுவது என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். அதுதான் எனக்கு நீ செய்த பெரிய துரோகம். கோபப்படும் உரிமையைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உனக்காக ரோஸ்லின் அக்கா வீட்டில் ஒரு செபம் வைத்தார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளறையிலிருந்து அந்தப் பாட்டி முனகுவது கேட்டது. முதுகில் புண் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். செபம் முடிந்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னைப் பற்றிப் பேசினார். “தனக்குன்னு ஒரு நிமிஷம் இருந்ததில்ல அவ. ஓஞ்சு உக்காந்து நான் பாத்ததே இல்ல. களைப்புன்னா என்னன்னே தெரியாது அந்தப் பிள்ளைக்கு.” எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

“அவளுக்குக் களைப்பா இருந்துச்சு அக்கா.”

“என்ன ஜெசி?”

“களைப்பா இருந்துச்சு. முதுகு வலிச்சுச்சு. தலை வலிச்சுச்சு. பிரஷர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா. ஸ்ட்ராங் ஸ்ட்ராங்னு சொல்லித்தான் வார்டுலயும் தூக்க வச்சோம், இங்கயும் தூக்க வச்சீங்க. அவ செத்த பெறகாவது அந்தப் பேர வைக்காதீங்க.”

ஒருத்தி என் முந்தானையைப் பிடித்து, “உக்காருட்டி” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு போகவில்லை. ரோஸ்லின் அக்கா கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை.

உன் தங்கை அதியம்போ போன மாதம் பேசினாள். உன் குரல் அப்படியே இருக்கிறது அவளுக்கு. ‘ஹலோ’ என்றதும் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். அக்கா அங்கே நல்லா ஓய்வெடுத்தாளா? வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிடவே விடமாட்டா. தூங்குற நாள், தொந்தரவு பண்ணாதீங்கம்பா. கடைசிக் காலத்துல அவளாவது நல்லாத் தூங்கினாளேன்னு ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டிருக்கேன்.”

அப்போ அவர்களிடமும் அதே பொய்தானா?

ஆமாம் என்று சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீடு, அந்தப் பாட்டி, தரையில் நீ சாய்ந்தது.

பிறகு அவள் சொன்னாள். “எங்க அம்மாவைக் கடைசிவரைக்கும் நான்தான் குளிப்பாட்டினேன் சிஸ்டர். ஒரு புண் வர விடல. தலை சீவி, வெள்ளைத்துணி மாத்தி, என் மடியிலதான் போனா. அக்கா ஒருநாள்கூடக் கேக்கல, அம்மா எப்படிப் போனான்னு. கேக்கப் பயந்திருக்கா. அதான் யாரோட அம்மாவையோ போய்க் குளிப்பாட்டியிருக்கா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்குறதுக்கு எங்களுக்குன்னு இருந்த ஒரே நாள் வெள்ளிக்கிழமைதான்.”

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அவள் உங்கள் மொழியில் உன்னைத் திட்டினாள். நான் தமிழில் திட்டினேன். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்தது.

இனி இங்கத்திய செய்தி. உன் கட்டிலுக்கு உகாண்டாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் நபிர்யே. வந்த வாரமே இன்-சார்ஜ் நீ பார்த்துக்கொண்டிருந்த கனத்த நோயாளியை அவளிடம் தள்ளினார். நான் குறுக்கே போய், இரண்டு பேர் இல்லாமல் தூக்கக் கூடாது என்றேன். முறைத்தார். இப்போது இரண்டு பேர்தான் தூக்குகிறார்கள். நபிர்யே கெட்டிக்காரி, அவளுக்காக நான் கேட்க வேண்டியதில்லாமல் அவளே கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன வாரம் என்னிடம் வந்து, “சிஸ்டர், வெள்ளிக்கிழமை ஆஃப் எனக்கு விட்டுக் கொடுப்பீங்களா?” என்று கேட்டாள். வாய்வரைக்கும் ‘எடுத்துக்கோ’ என்று வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். “இல்லம்மா, அது என் நாள். உனக்கு வேற நாள் கேட்டு வாங்குவோம், நானும் கூட வரேன்” என்றேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கே இருவரும் போய்க் கேட்டோம், அவளுக்குத் திங்கட்கிழமை கிடைத்தது.

உன் நினைவாக நான் ஓய்வெடுக்கப்போவதில்லை, ஆச்சி. அப்படிச் செய்தால் அதுவும் இன்னொருவருக்காகப் பார்க்கிற வேலையாகிவிடும். நீ மடங்கி விழுந்த இடம் அதுதான். எனக்குக் களைப்பாக இருக்கிறது, அதனால் படுப்பேன். உடம்பு வலித்தால் வலிக்கிறது என்பேன். உறுத்தல் ஏதாவது இருந்தால் உரியவரை நேராகக் கூப்பிட்டுக் கேட்பேன், அடுத்தவர் வீட்டுக் கட்டிலடியில் போய்த் தேட மாட்டேன். இது நான் கொடுக்கும் வாக்கு.

உன்னை மன்னிக்கிற நாளும் வரும். அதற்கு அவசரப்பட மாட்டேன். மெதுவாக வரட்டும்.

உன்மேல் கோபமாகவே இருக்கும் தங்கச்சி,
ஜெசிந்தா